மூன்று மாத பி.சி.ஓ.எஸ். பேக்கேஜ்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்களைக் குறிவைத்து இணையத்தில் இப்போது ‘பி.சி.ஓ.எஸ். பேக்கேஜ்’ (பி.சி.ஓ.எஸ். என்பது சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறான பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோமின் சுருக்கம்) என்ற பெயரில் மூன்று மாதத் திட்டங்கள் பல விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றை நான் வாங்கி முழுமையாகப் பயன்படுத்தினேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனை, மகப்பேறு மருத்துவருடன் வீடியோ ஆலோசனை, வாரம் ஒருமுறை உணவு ஆலோசகரின் அழைப்பு, ஒரு கைப்பேசிச் செயலி, மாதந்தோறும் கூரியரில் வரும் ஒரு பெட்டி ஆகியவை அதில் அடக்கம். விலை ஏறத்தாழ 15,000 ரூபாய். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. இதே சரக்கை இதே வரிசையில் வேறு வேறு பெயர்களில் விற்பவர்கள் பலர் இருப்பதால், ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக எடுத்து அது கொடுத்த காசுக்குத் தகுமா என்று பார்ப்பதுதான் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

என்னைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன். கோவையில் ஒரு வங்கியில் வேலை, வயது முப்பதைத் தாண்டிவிட்டது, திருமணமாகவில்லை. கல்லூரிக் காலத்திலேயே பி.சி.ஓ.டி. என்று, அதாவது இதே கோளாற்றின் இன்னொரு பெயரை, சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம், சில சமயம் அதற்கும் மேல் இடைவெளி விட்டே மாதவிடாய் வரும், தாடையில் முடி, கழுத்தின் பின்புறத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கருமை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இந்தக் கடைசிச் செய்திதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்பதை இந்த பேக்கேஜ் கவனிக்கத் தவறியது. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நான் எடுத்துக்கொண்டது, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல். 2018-இல் வந்த முந்தைய பதிப்பைப் புதுப்பித்து எழுதப்பட்ட அது, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கிப் படிக்கக்கூடியது. எந்தப் பரிசோதனை தேவை, எது வீண், எந்த மருந்துக்கு எவ்வளவு சான்று உண்டு என்றெல்லாம் அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். உலகில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாகவும் அது கணக்கிடுகிறது. இத்தனை விளம்பரங்கள் ஏன் என்பதற்கு அந்த எண்ணே போதும்.

முதல் அனுபவம் நல்லதாக இல்லை. செயலியில் பெயரைப் பதிந்த சிறிது நேரத்திலேயே ‘ஹெல்த் கோச்’ என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அழைத்தார். பேச்சின் மூன்றாவது வாக்கியமே, “மேம், இதை இப்பவே சரி பண்ணலைன்னா, கல்யாணத்துக்கு அப்புறம் கன்சீவ் ஆகறது ரொம்பக் கஷ்டம்” என்பதாக இருந்தது. நான் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குக் கருமுட்டை ஒழுங்காக வெளிவராததால் கருத்தரிக்கத் தாமதமாகலாம் என்பது உண்மை; ஆனால் அவர்களில் பெரும்பாலோர் குழந்தை பெறுகிறார்கள் என்பதும், தேவைப்பட்டால் கருமுட்டையைத் தூண்ட லெட்ரோசோல் என்ற மாத்திரை முதல் தெரிவாக இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை. அந்தப் பாதியை மறைத்து இந்தப் பாதியை மட்டும் சொல்லி விற்பது பயமுறுத்தல்தான். இதற்காக மட்டுமே நான் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. காலை ஏழு மணிக்குச் சொன்ன நேரத்துக்கு வந்து, வலிக்காமல் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்; மறுநாள் மாலையே அறிக்கை செயலியில் இருந்தது. அந்த ஒழுங்கில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை, பட்டியலில். சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., அவற்றின் விகிதம், கருமுட்டைப் பைகள் சுரக்கும் ஏ.எம்.எச்., ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, பால் சுரப்புக்கான புரோலாக்டின், வெறும் வயிற்றுச் சர்க்கரை, வெறும் வயிற்று இன்சுலின், இந்த இரண்டிலிருந்தும் கணக்கிட்ட ‘இன்சுலின் எதிர்ப்பு மதிப்பெண்’, வைட்டமின் டி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை என்று அறிக்கை பல பக்கம் நீண்டது. பாதி வரிகளில் சிவப்பு அம்புக்குறி.

இதில் தைராய்டும் புரோலாக்டினும் கட்டாயம் பார்க்க வேண்டியவை, ஏனென்றால் அவற்றின் கோளாறும் மாதவிடாயைத் தள்ளிப்போடும். அவை இல்லை என்று உறுதி செய்த பிறகே பி.சி.ஓ.எஸ். என்ற முடிவுக்கு வர முடியும். டெஸ்டோஸ்டிரோனும் தேவையானதே. ஆனால் எல்.எச். விகிதம் நோயறிதலுக்குத் தேவையே இல்லை. வெறும் வயிற்று இன்சுலினை அளப்பதை, அந்த அளவீடு நம்பகமாக இல்லை என்பதால், அன்றாடச் சிகிச்சையில் வேண்டாம் என்றே வழிகாட்டுதல் சொல்கிறது. ஏ.எம்.எச். கதை இன்னும் வேடிக்கையானது. வளர்ந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று 2023-இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஸ்கேன் அல்லது ஏ.எம்.எச்., இரண்டில் ஒன்று போதும். என்னிடம் இரண்டுக்குமே காசு வாங்கினார்கள். இவ்வளவுக்கும் எனக்கு இரண்டுமே தேவைப்பட்டிருக்காது. 2003-இல் ரோட்டர்டாம் நகரில் வகுத்த அளவுகோலின்படி, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்மை ஹார்மோன் மிகுதி (தாடை முடி இதன் அடையாளம்), ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும். மாதவிடாய் தள்ளிப்போவதும் தாடை முடியும் முன்பே இருக்கும்போது மூன்றாவதைத் தேடிப் போவது நோயாளிக்கு எதையும் புதிதாகச் சொல்வதில்லை.

ஸ்கேன் பற்றி ஒரு சிறு விலகல். திருமணமாகாத பெண்களுக்கு நம் ஊர் ஸ்கேன் மையங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம்; அதற்காகச் சிறுநீர் முட்டும்வரை தண்ணீர் குடித்துவிட்டு வரிசையில் உட்கார வேண்டும். அந்த அறிக்கையில் ‘பல சிறு நீர்க்கட்டிகள்’ என்று வந்ததும் பலரும் பதறிப்போகிறார்கள். அவை கட்டிகளே அல்ல. பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். இந்த நிறுவனத்தின் விளம்பரம் ‘நீர்க்கட்டியைக் கரைக்கும்’ என்று சொல்கிறது. கரைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகாத பெண் பிள்ளைகளுக்கு, இந்தக் கோளாற்றைக் கண்டறிவதற்காக ஸ்கேனே எடுக்க வேண்டாம் என்பது வழிகாட்டுதலின் அறிவுரை. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையே அப்படித்தான் தோற்றமளிக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இந்த பேக்கேஜை வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனை நீளப் பட்டியலில் இல்லாத ஒரே பரிசோதனைதான் எனக்கு மிகவும் தேவைப்பட்டது. பி.சி.ஓ.எஸ். பெரும்பாலோரிடம் இன்சுலினோடு பின்னிப்பிணைந்திருக்கிறது. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது; அந்த மிகை இன்சுலின் சினைப்பையை ஆண்மை ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுவதோடு, அந்த ஹார்மோனைக் கட்டிப்போடும் புரதத்தைக் கல்லீரல் சுரப்பதையும் குறைத்துவிடுகிறது. முடியும் பருவும் கருமுட்டைத் தடையும் இந்த வழியில் வருகின்றன. கழுத்துக் கருமையும் மிகை இன்சுலினின் அடையாளமே. ஆகவே உடல் எடை எதுவாக இருந்தாலும், இந்தக் கோளாறு உள்ள எல்லோருக்கும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். அதற்கு மிகத் துல்லியமானது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் அந்த அளவுக்குத் துல்லியமானவை அல்ல. பேக்கேஜில் இருந்தவையோ இந்த இரண்டும் மட்டும்தான்.

நானே கேட்டு, பக்கத்து ஆய்வகத்தில் சில நூறு ரூபாய் கொடுத்து அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டேன். திகட்டும் இனிப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எழுந்து நடக்காமல், ஒரு வாய் தேநீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருப்பது சுகமான வேலை அல்ல. ஆனால் வெறும் வயிற்றில் இயல்பாக இருந்த எனக்கு இரண்டாம் மணியில் 152 வந்தது. 140-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். 200-ஐத் தொட்டால் அது சர்க்கரை நோய். 15,000 ரூபாய் அறிக்கை ‘சர்க்கரை இயல்பு’ என்று பச்சை நிறத்தில் காட்டிய அதே வாரத்தில் வந்த எண் இது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாது என்பதால்தான் இதைச் சேர்ப்பதில்லை என்று நினைக்கிறேன். நிறுவனத்தின் வசதிக்காக விடுபட்ட பரிசோதனைக்குப் பதிலாக, தேவையற்ற பரிசோதனைகள் பட்டியலை நிரப்புகின்றன.

மருத்துவரைப் பற்றி நல்லவிதமாகவே சொல்ல வேண்டும். வீடியோ ஆலோசனை கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இருந்தாலும் அந்த அம்மையார் கேட்ட கேள்விகள் சரியானவை. மாதவிடாய் எப்போதெல்லாம் மூன்று மாதத்தைத் தாண்டியது, குடும்பத்தில் யாருக்கு என்ன, பார்வையில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலி உண்டா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, குழந்தை பற்றிய எண்ணம் இப்போது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கருத்தடை மாத்திரைதான் மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும் முடி வளர்ச்சியைக் குறைக்கவும் முதல் தெரிவு என்றும், ஆனால் ரத்த அழுத்தம் பார்க்காமல் அதை எழுதித் தர முடியாது என்றும், அருகிலுள்ள எந்த மருத்துவமனையிலாவது பார்த்து எண்ணை அனுப்பும்படியும் சொன்னார். குளுக்கோஸ் பரிசோதனையை நான் கேட்டதும் மறுக்காமல் எழுதித் தந்தார். “அதை நான் எப்பவுமே கேக்கறதுதான்ம்மா, அவங்க பேக்கேஜ்ல வைக்கறதில்ல” என்று அவர் சொன்னதில் ஒரு சலிப்பு தெரிந்தது.

முடிவு வந்ததும், சர்க்கரை நோய்க்குத் தரும் மாத்திரையான மெட்ஃபார்மினை எனக்கு எழுதினார். இரவு உணவுக்குப் பின் 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றும் முறை. முதலில் வயிற்றுப் பொருமலும் பேதியும் இருந்து பிறகு அடங்கியது. நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையக்கூடும் என்பதால் அதையும் அவ்வப்போது பார்க்கச் சொன்னார். மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும் என்பதும், நாளடைவில் அது புற்றுநோய்க்கு வழிசெய்யக்கூடும் என்பதால் மாத்திரை கொடுத்தாவது அதை வெளியேற்ற வேண்டும் என்பதும் இத்தனை ஆண்டுகளில் எனக்கு யாரும் விளக்கிச் சொல்லாத செய்தி. அந்த ஆபத்து எண்ணிக்கை அளவில் சிறியதுதான் என்பதையும் சேர்த்தே சொன்னார், பயமுறுத்தவில்லை. பேக்கேஜில் இத்தகைய சந்திப்பு தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. இடையில் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனபோது செயலியில் எழுதிய கேள்விக்கு ‘ஹெல்த் கோச்’தான் பதில் சொன்னார், அதுவும் பெட்டியிலுள்ள பொடியைத் தவறாமல் குடிக்கச் சொல்லி.

அந்தப் பெட்டிக்கு வருவோம். இளஞ்சிவப்பு நிறத்தில், பரிசுப் பொருள் போல நாடா கட்டி வருகிறது. உள்ளே முப்பது பொடிப் பொட்டலங்கள், தலைமுடிக்கென்று ‘கம்மி’ எனப்படும் மெல்லும் மிட்டாய் டப்பா ஒன்று, புதினாவும் இலவங்கப்பட்டையும் கலந்த தேநீர்ப் பைகள். ஒரு பொட்டலத்தில் மயோ-இனோசிட்டால் 2 கிராம், டி-கைரோ-இனோசிட்டால் 50 மில்லிகிராம், அதாவது 40-க்கு 1 என்று எல்லா நிறுவனங்களும் விளம்பரப்படுத்தும் அதே விகிதம். கூடவே கொஞ்சம் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் டி-யும். ஆரஞ்சுச் சுவை, நாக்கில் நெடுநேரம் நிற்கும் செயற்கை இனிப்பு, குளிர்ந்த நீரில் கரையாமல் அடியில் தங்கும் மாவு. இனோசிட்டால் ஏமாற்றுப் பொருள் அல்ல. உடலில் இன்சுலினின் செய்தியைக் கடத்தும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு, தீங்கும் குறைவு. ஆனால் கருமுட்டை வெளிப்படுதல், முடி, எடை ஆகியவற்றில் அதன் பலன் மிகக் குறைவாகவே நிறுவப்பட்டிருக்கிறது என்றும், விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் மட்டுமே வழிகாட்டுதல் சொல்கிறது. பேக்கேஜ் விலையில் பெரும்பங்கு இந்தப் பெட்டிக்குத்தான் போகிறது. அதே அளவுள்ள இனோசிட்டால் மருந்துக்கடையில் இதைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது.

பொட்டலத்தின் பின்புறத்தில், உருப்பெருக்கியால் படிக்க வேண்டிய எழுத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில் விற்கும் ஊட்டச்சத்துப் பொருளில் அது கட்டாயம். மாதவிடாய்க் கோளாற்றைச் சரிசெய்யும் என்று மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். உணவு என்ற பெயரில் உரிமம் வாங்கிவிட்டு, மருந்து செய்யும் வேலையையெல்லாம் இன்ஸ்டாகிராமில் வாக்களிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு நேர் எதிரான செயல் என்றே நான் கருதுகிறேன்.

கம்மி விஷயம் வெறும் வீண்செலவு என்று விடக்கூடியதல்ல. அதில் பயோட்டின் என்ற பி வைட்டமின் ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது. உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது சில பத்து மைக்ரோகிராம்தான். மிகுதியான பயோட்டின் பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் ஹார்மோன் பரிசோதனை முறையில் குறுக்கிட்டு, தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் போன்றவற்றின் எண்களைப் பொய்யாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். மூன்று மாத முடிவில் ‘உங்கள் ஹார்மோன் எவ்வளவு மாறியிருக்கிறது பாருங்கள்’ என்று மறுபரிசோதனை செய்யும் அதே நிறுவனம், அதற்கு முன் சில நாட்கள் கம்மியை நிறுத்தும்படி எங்கும் சொல்லவில்லை. நானே நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். போதாக்குறைக்கு அந்தக் கம்மியில் சர்க்கரையும் இருந்தது.

‘90 நாளில் முகமுடி மறையும்’ என்ற வாக்குறுதியும் பெட்டியின் மூடியிலேயே அச்சாகியிருக்கிறது. முடியின் வளர்ச்சிச் சுழற்சி மெதுவானது. கருத்தடை மாத்திரையே இதில் பலன் காட்ட ஆறு மாதமாவது ஆகும். அதுவரை திரெட்டிங்கோ லேசரோதான் வழி, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பெட்டியைப் பார்த்த அம்மாவின் தீர்ப்பு இதைவிடக் கறாராக இருந்தது. “கண்ணு, இத்தன காசு குடுத்து மாவு வாங்கறதுக்கு, நாட்டு மருந்துக் கடைல கழற்சிக்காய்ப் பொடி வாங்கி மோர்ல கலக்கிக் குடிச்சிருக்கலாமல்ல” என்றார். கழற்சிக்காய்க்கு ஆதரவாக வழிகாட்டுதலில் இடம்பெறும் அளவுக்கு ஆய்வுச் சான்று சேரவில்லை. ஆயினும் தன் பெட்டியில் நாடா கட்டாத நேர்மை நாட்டு மருந்துக் கடைக்கு உண்டு.

இனி, இந்த பேக்கேஜில் உண்மையிலேயே காசுக்குத் தகுந்த பகுதி. உணவு ஆலோசகராக எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஈரோட்டுப் பக்கத்துப் பெண். என்னைவிட இளையவர், முதல் அழைப்பிலேயே ‘அக்கா’ என்றுதான் பேசினார். செயலி தானாக உருவாக்கித் தந்த உணவு அட்டவணையில் கினோவாவும் அவகாடோவும் ஓட்ஸும் இருந்தன. “அதைப் பாக்காதீங்கக்கா, அது எல்லாருக்கும் ஒண்ணுதான் வரும். நீங்க நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க” என்று ஆரம்பித்தார். காலை ஐந்து இட்லி, பதினொரு மணிக்கு வங்கியில் சர்க்கரை போட்ட தேநீரும் பன்னும், மதியம் டப்பா நிறையச் சாதம், மாலை மறுபடியும் தேநீர், இரவு ஒன்பதரைக்கு மேல் தோசை. எல்லாவற்றையும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் எழுதிக்கொண்டார்.

அவர் செய்த மாற்றங்கள் எங்கள் வீட்டு அடுப்பை விட்டு வெளியே போகவே இல்லை. இட்லி இரண்டு, கூடவே பச்சைப்பயறு கடைசல் ஒரு கிண்ணம் அல்லது முட்டை. அரிசிம்பருப்புச் சாதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அரிசியைக் குறைத்துப் பருப்பை ஏற்றி, தட்டில் பாதியைக் காய்க்கு விடச் சொன்னார். பதினொரு மணிக்குப் பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை. வாரத்தில் சில நாள் தட்டைப்பயறுக் குழம்பும் கொள்ளுப் பருப்பும். சாதத்தைக் கிராமில் அளக்கச் சொல்லாமல், எங்கள் வீட்டுக் கரண்டியைக் கேமராவில் காட்டச் சொல்லி, அந்தக் கரண்டியால் எத்தனை என்று கணக்குச் சொன்னார். சிறுதானியம் என்றாலே நல்லது என்று நான் நம்பிக் குடித்துவந்த ராகிக் கூழைப் பற்றி அவர் சொன்னது முக்கியமானது: நைசாக அரைத்த மாவைக் குழையக் காய்ச்சி வெறுமனே குடித்தால், அதுவும் சர்க்கரையை விரைவாகத்தான் ஏற்றும், பருப்போ காயோ மோரோ சேராமல் அது தனியாகப் போகக் கூடாது. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையே என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அம்மா அன்போடு கிண்டித் தரும் உளுந்தங்களி, கருப்பட்டியின் அளவு பாதியாகக் குறைந்து, காலை உணவுக்கு மேலதிகமாக அல்லாமல் அதற்குப் பதிலாக வந்தது.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கென்று தனியாக ஒரு சிறந்த உணவுமுறை நிரூபிக்கப்படவில்லை, நெடுநாள் கடைப்பிடிக்க முடிகிற எந்தச் சமச்சீர் உணவும் நல்லதே என்பது வழிகாட்டுதலின் நிலைப்பாடு. இந்தப் பெண் அதை மேற்கோள் காட்டவில்லை. ஆனால் செய்தது முழுக்க முழுக்க அதுதான். பால் கூடாது, கோதுமை கூடாது என்று செயலி அவ்வப்போது அனுப்பும் எச்சரிக்கைகளை அவரே பொருட்படுத்த வேண்டாம் என்றார். தன் நிறுவனத்தின் செயலியைத் தானே திருத்தும் ஊழியரைப் பார்ப்பது அரிது.

செயலியில் பாராட்ட ஒன்று உண்டென்றால் மாதவிடாய்த் தேதியைக் குறிக்கும் பகுதி. மருத்துவரிடம் காட்டத் தெளிவான பதிவு கிடைத்தது. உடற்பயிற்சிப் பகுதி ஏமாற்றம். காணொளிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தன; தினமும் பத்தாயிரம் அடி என்ற ஒரே இலக்கு எல்லோருக்கும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி, அதோடு தொடர்ச்சியாக இல்லாத இரண்டு நாட்களில் தசையை வலுவாக்கும் பயிற்சி என்பதே பரிந்துரை. அந்த இரண்டாவது பாதி செயலியில் இல்லவே இல்லை. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் மாலை நடையும், வீட்டில் ரப்பர் பட்டையை வைத்துச் செய்யும் பயிற்சியுமாக நானே அமைத்துக்கொண்டேன். எடைக் கணக்கிலும் செயலி தடுமாறுகிறது. உடல் நிறைக் குறியீடு 25 வரை ‘இயல்பு’ என்று காட்டுகிறது. தெற்காசியர்களுக்கு 23-இலேயே கவனம் தேவை, பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இடுப்பளவைச் செயலி கேட்கவே இல்லை.

மனநிலை குறித்த குறைபாடு இன்னும் வருத்தமானது. இந்தக் கோளாறு உள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவதால், அனைவரிடமும் அதைப் பற்றிக் கேட்டறிய வேண்டும் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பேக்கேஜிலும் அதற்கு ஒரு கேள்வித்தாள் இருந்தது. உறக்கம், ஆர்வமின்மை, தன்மேல் வெறுப்பு என்று கேட்ட ஒவ்வொன்றுக்கும் அப்போதிருந்த நிலையை உள்ளபடி நிரப்பினேன். மறுமொழியாகத் திரையில் ஒரு பூவின் படமும் மூச்சுப் பயிற்சிக் காணொளியும் வந்தன. யாரும் அழைக்கவில்லை. ஒருவரைக் கேள்வி கேட்டு உண்மையைச் சொல்ல வைத்துவிட்டு, அதைப் படிக்க ஆள் வைக்காமல் இருப்பதைவிட, கேட்காமலே இருந்திருக்கலாம்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: இடுப்பளவு குறைந்தது, மாதவிடாய் இடைவெளி சுருங்கியது, மதிய உணவுக்குப் பின் கண்ணை இழுக்கும் அயர்வு போனது. தாடை முடி அப்படியே இருக்கிறது. மெட்ஃபார்மின், உணவு, நடை ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்ததால் எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்க இயலாது. பொடியை இரண்டாம் மாத நடுவிலேயே நிறுத்தியும் மாற்றம் நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். மொத்தமாக இந்த பேக்கேஜுக்கு ஐந்தில் இரண்டரை கொடுப்பேன்; அந்த இரண்டரையில் இரண்டு அந்த உணவு ஆலோசகருடையது.

மருத்துவரே இல்லாத சிற்றூரில் இருப்பவருக்கோ, மகப்பேறு மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்தாலே அக்கம்பக்கத்தார் கதை கட்டும் சூழலில் இருப்பவருக்கோ வீடியோ ஆலோசனைக்குத் தனி மதிப்பு உண்டு. அவர்கள் பெட்டி இல்லாத திட்டம் உண்டா என்று கேட்டு வாங்கலாம். நான் விசாரித்தபோது அப்படி ஒன்று இருந்தது, ஆனால் இணையதளத்தில் எங்கும் அது தென்படவில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், குளுக்கோஸ் பரிசோதனை, ஒரு மகப்பேறு மருத்துவர், ஓர் உணவு ஆலோசகர் என்று தனித்தனியாகப் பார்த்தாலும் பாதி விலையில் முடிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கப் பொறுமை இருந்தால் அந்தப் பாதியும் மிச்சம். கருத்தரிக்க முயல்பவர்கள் எந்தப் பொடியையும் தொடங்கும் முன் நேரில் ஒரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்களுக்கு ஒரு தகவல்: பணம் செலுத்தும் பக்கத்தில் ‘தானாகப் புதுப்பி’ என்ற கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். அதை நீக்காவிட்டால் நான்காம் மாதப் பெட்டிக்கும் கணக்கிலிருந்து பணம் போகும். திரும்பப் பெற மின்னஞ்சல் எழுதி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் புதுப்பிக்கவில்லை. மெட்ஃபார்மினை உள்ளூர் மருத்துவரின் மேற்பார்வையில் தொடர்கிறேன், குளுக்கோஸ் பரிசோதனையை அடுத்த ஆண்டு மீண்டும் செய்ய எழுதித் தந்திருக்கிறார். அந்த ஈரோட்டுப் பெண் இப்போது அந்த நிறுவனத்தை விட்டு விலகித் தனியாக ஆலோசனை தருகிறார். மாதம் ஒரு அழைப்புக்கு அவர் வாங்குவது, பெட்டியிலிருந்த தேநீர்ப் பைகளின் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.